லாரித் தண்ணீரில் பெய்த மழை

புத்திசாலிகள் எல்லா ஊரிலும் அங்கொருவர் இங்கொருவர் இருப்பார்கள். பன்னிரண்டு குடும்பத்துப் புத்திசாலிகளும் ஒரே கட்டடத்தில் குடியேறியது எங்கள் ஊரில்தான். அந்த மூன்று மாடிக் கட்டடத்துக்குச் செங்கழுநீர் வளாகம் என்று பெயர். செங்கழுநீர் என்பது குளத்தில் பூக்கும் பூ. அங்கே குளிக்கவே தண்ணீர் கிடையாது. பெயர் வைத்தவரும் அங்கேதான் குடியிருக்கிறார்.

நான் அடுத்த தெருக்காரன். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. டிவி பழுதான நாட்களில் சாயங்காலம் அங்கே போய் நின்றால் போதும், பொழுது போய்விடும்.

அந்தக் கட்டடத்து ஆழ்குழாய்க் கிணறு வற்றி இரண்டு வருஷம் ஆகிறது. புதன்கிழமைதோறும் ஒரு லாரித் தண்ணீர் வரும். தரைத்தொட்டியில் இறக்கினால் மூன்று நாளுக்குக் காணும். மற்ற நாலு நாளும் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெரு அடிபம்புக்கு வரவேண்டும். மற்றவர்களாவது குடிக்கவும் சமைக்கவும் பிடித்துப் போனார்கள். மூன்றாம் மாடியில் இருந்த பேச்சித்தாய்க்குத் தண்ணீர்தான் பிழைப்பு. புருஷன் இறந்த பிறகு இட்லி மாவு அரைத்து விற்று வாழ்கிறவர். அரிசி ஊற, களைய, ஆட்ட, கிரைண்டர் கழுவ என்று நாளுக்கு எட்டுக் குடமாவது வேண்டும். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அந்த அம்மாவுக்கு வலது முட்டி வேறு சரியில்லை.

இப்படி இருக்கும்போது நகராட்சி புதிதாக ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டியது. எங்கள் பக்கத்தில் இந்த வருஷம் ஒரே ஒரு குழாய்தான் இழுக்க முடியும், அது செங்கழுநீர் வளாகத்துக்கா எங்கள் தெருவுக்கா என்று பார்த்து முடிவு செய்வோம் என்றார்கள். கூடவே ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். பசுமையாக வாழப் பத்துப் பழக்கங்கள். நாற்பது நாள் கழித்து உதவிப் பொறியாளர் நேரில் வந்து பார்ப்பார், பழக்கங்களை ஒழுங்காகக் கைக்கொண்டவர்களுக்கே குழாய்.

எங்கள் தெருவில் அந்த நோட்டீஸில் வடை மடித்தோம். செங்கழுநீர் வளாகத்தில் கமிட்டியைக் கூட்டினார்கள்.

கமிட்டித் தலைவர் மாசிலாமணி அண்ணாச்சி. முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஆபீஸில் குப்பை கொட்டியவர். காகிதத்தில் எழுதியிருப்பதைச் செய், எழுதாததை நினைக்காதே என்பதுதான் அவருடைய வேதம். செயலாளர் கோமதிநாயகத்துக்கு ஒரே வேலை, தீர்மானம் எழுதுவது. தீர்மானம் போடாமல் அந்தக் கட்டடத்தில் யாரும் தும்மக்கூட மாட்டார்கள். மூன்றாவது ஆள் இன்னாசிமுத்து. அவருக்குச் சந்தேகம் வரும். சந்தேகம் வரும் ஆளை எல்லாரும் அறிவாளி என்று நினைப்பது வழக்கந்தானே.

கூட்டம் கட்டடத்து முற்றத்து வேப்பமரத்தடியில் நடந்தது. மாசிலாமணி நோட்டீஸை வாசித்தார்.

"ஒண்ணு. அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைக்கவும்."

இன்னாசிமுத்து கையைத் தூக்கினார். "அண்ணாச்சி, பட்டப்பகல்ல வெளிய போறோம்னு வைங்க. விளக்கு எரியாதுலா. எரியாத விளக்க எப்படி அணைக்கது?"

கூட்டம் அசந்துவிட்டது. நோட்டீஸ் அடித்த நகராட்சிக்கே தோன்றாத சந்தேகம் அல்லவா!

மாசிலாமணி நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ராத்திரி மட்டும்னு போட்டிருக்காவளா?"

"போடலையே."

"அப்பம் பகல்லயும் அணைக்கணும். அணைக்கணும்னா மொதல்ல போடணும். எழுதிக்கோரும் கோமதிநாயகம்."

அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் யாரும் சும்மா வெளியே போனதில்லை. விளக்கைப் போட்டு, எரிகிறதா என்று அண்ணாந்து பார்த்து, அணைத்துவிட்டுத்தான் போவார்கள். மின்சாரம் மிச்சமானதோ இல்லையோ, பழக்கம் நன்றாகப் படிந்துவிட்டது.

அடுத்தது துணிப்பை. வீட்டுக்கு இரண்டாக வெள்ளைவெளேரென்று தைத்து வாங்கினார்கள். முதல்நாளே சேப்பங்கிழங்கு மண்ணில் ஒரு பை அழுக்காகிவிட்டது. விலை கொடுத்து வாங்கிய பை, அதுவும் பூமியைக் காப்பாற்றப் போகிற பை, அழுக்காகலாமா? காய்கறிக்காரரிடம் சொல்லி ஒவ்வொரு காயையும் தனித்தனிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வாங்கினார்கள். வெளிப்பக்கம் தூசி படியாமலிருக்கப் பையையும் ஒரு பெரிய கவருக்குள் இறக்கினார்கள். உள்ளேயும் பிளாஸ்டிக், வெளியேயும் பிளாஸ்டிக். நடுவில் துணிப்பை பத்திரமாக இருந்தது.

'பக்கத்துக் கடைகளுக்குச் சைக்கிளில் செல்லுங்கள்' என்றும் ஒரு பழக்கம். கடை வாசலுக்கு எதிரே இருபது அடி தூரத்தில்தான் இருக்கிறது. அதுவரை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து போய்வந்த மனிதர்கள் எல்லாரும் சைக்கிள் வாங்கினார்கள். மாசிலாமணிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

"சைக்கிள்ல போகணும்னுதான போட்டிருக்கு, நாமளே மிதிக்கணும்னு போடலையே" என்றார். அவர் சீட்டில் உட்கார, இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துக்கொள்ள, ஒருவர் பின்னாலிருந்து தள்ள, தினமும் சாயங்காலம் தலைவர் அரைக்கிலோ சீனி வாங்கப் புறப்படுவார். தேருக்கு நிற்பதுபோல எங்கள் தெருப் பிள்ளைகள் ஓடிப்போய் நிற்பார்கள்.

குப்பையில்தான் பெரிய தகராறு வந்தது. மக்கும் குப்பையை ஈரக்குப்பை என்றும் மற்றதை உலர்குப்பை என்றும் பிரித்துப் பச்சைத் தொட்டியிலும் நீலத் தொட்டியிலும் போடச் சொல்லியிருந்தார்கள். காலையில் பச்சைத் தொட்டியில் போட்ட கத்தரிக்காய்க் காம்பு மத்தியானம் எங்கள் ஊர் வெயிலுக்குக் காய்ந்து சுக்காகிவிட்டது. இன்னாசிமுத்து அதைக் கையில் எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்கதவைத் தட்டினார்.

"அண்ணாச்சி, இது இப்பம் உலர்ந்து போச்சு. இது எந்தத் தொட்டி?"

"நீலம்."

"காலையில பச்சையில கிடந்துச்சே?"

"காலையில அது ஈரம். வே, நேத்து நீரு கல்யாணம் ஆகாதவரா இருந்து இன்னைக்கு ஆயிட்டீருன்னா, ரேசன் கார்டுல மாத்துவமா மாட்டமா?"

தொட்டிக்கு இரண்டு ஆள் காவல் போட்டார்கள். மணிக்கொருதரம் குப்பையைக் கையால் அமுக்கிப் பார்த்து, காய்ந்ததை நீலத்துக்கு மாற்றுவார்கள். பனியில் நமுத்த பேப்பரைப் பச்சைக்குக் கொண்டுவருவார்கள். குப்பை அந்த நாற்பது நாளில் அலைந்த அலைச்சலை நான் என் ஆயுசில் அலைந்ததில்லை.

பிறகு வீட்டுக்கு ஒரு மரம். பன்னிரண்டு கன்று வந்து இறங்கியது. நடுவதற்கு இடம் எங்கே? இருந்த ஒரே இடத்தை அந்த வேப்பமரம் அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு மரம் பெரிதா, பன்னிரண்டு மரம் பெரிதா என்று ஓட்டெடுப்பு நடத்தினார்கள். கணக்கில் அவர்கள் சோடை போனவர்கள் இல்லை. வேப்பமரத்தை வெட்டிவிட்டுப் பன்னிரண்டு கன்றையும் நட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு வந்தபோது உட்கார நிழல் இல்லை. மாசிலாமணி கன்றுகளைப் பெருமையோடு பார்த்துவிட்டு, இன்னும் இருபது வருஷத்தில் இங்கே நல்ல நிழல் வரும், அதுவரை குடை கொண்டுவாருங்கள் என்று தீர்மானம் போட்டார்.

எனக்கு நெஞ்சு பொறுக்காமல் போனது அன்றைக்குத்தான். நல்ல மரம்.

கடைசிப் பழக்கம் மழைநீர் சேகரிப்பு. 'மொட்டைமாடியில் விழும் மழையில் ஒரு சொட்டுக்கூட வீணாகாமல் குழிக்குள் போகவேண்டும்' என்று போட்டிருந்தது. குழி வெட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பி, மாடியிலிருந்து குழாயும் இறக்கினார்கள். அதை மட்டும் கொத்தனாரிடம் விட்டுவிட்டதால் ஒழுங்காக அமைந்தது. ஆனால் ஐப்பசி பிறந்தும் மழையைக் காணோம். புதன்கிழமை காலை பத்து மணிக்கு உதவிப் பொறியாளர் ரஹ்மத்நிசா வருகிறார் என்று கடிதம் மட்டும் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவசரக் கூட்டம்.

"மழை பெய்யாம, சொட்டு வீணாகலன்னு எப்படி அண்ணாச்சி காட்டுறது?" என்றார் கோமதிநாயகம்.

"பெய்ய வைக்கணும்" என்றார் மாசிலாமணி. "நாளைக்குக் காலையில தண்ணி லாரி வருதுலா. அத மாடிக்கு ஏத்தி விடுவோம்."

"ஓசு வச்சா?" இன்னாசிமுத்து தலையை ஆட்டினார். "அது ஊத்துறதுல்லா அண்ணாச்சி. மழைன்னா சொட்டுச் சொட்டா விழணும். நோட்டீஸ்ல சொட்டுன்னுதான் போட்டிருக்கு."

எல்லாரும் யோசித்தார்கள். கடைசியில் இன்னாசிமுத்துவே வழியும் சொன்னார். ஒருவர் ஓஸைப் பிடிக்க, ஆறு பேர் சல்லடையை ஏந்தி நிற்க, தண்ணீர் அதன் வழியாகச் சொட்டாக விழும். இடி இல்லாத மழையைப் பொறியாளர் நம்புவாரா என்று ஒருவர் கேட்டார். இடிக்கு ஒரு தகர ஷீட் ஏற்பாடாயிற்று.

சல்லடைக்காகப் பேச்சித்தாய் வீட்டுக்குப் போனபோது அந்த அம்மா நல்லவேளை வந்தீர்கள் என்றார்.

"அண்ணாச்சி, நாளைக்கு லாரி வந்ததும் எனக்கு மட்டும் எட்டுக் குடம் தனியா வேணும். சடங்கு வீட்டுக்கு மாவு ஒத்துக்கிட்டேன். அரிசியெல்லாம் அளந்து வச்சிட்டேன்."

"நாளைக்கு லாரித் தண்ணி கிடையாது தாயி. நாளைக்கு மழை."

பேச்சித்தாய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. "மழையா? யாரு சொன்னா?"

"தீர்மானம் போட்டாச்சு" என்றார் மாசிலாமணி.

புதன்கிழமை பத்து மணிக்கு ரஹ்மத்நிசா ஜீப்பை விட்டு இறங்கினார். மண்டையைப் பிளக்கிற வெயில். கோமதிநாயகம் ஓடிப்போய் அவருக்குக் குடை பிடித்தார். "வெயிலுக்கா?" என்று கேட்டார் அந்தப் பெண். "இல்ல மேடம், மழைக்கு" என்றார் கோமதிநாயகம். கேட்டவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மாடியில் தகர ஷீட் இடித்தது. தண்ணீர் சல்லடைகளில் விழுந்து, பாதி ஏந்தியவர்கள் தலையில் கொட்டி, மீதி மாடியெல்லாம் ஓடிக் குழாய் வழியாகக் குழிக்குள் பாய்ந்தது. ஒரு லாரித் தண்ணீரை ஒரே மூச்சில் குழி எப்படிக் குடிக்கும்? நிரம்பி வழிந்து, வாசலைத் தாண்டி, எங்கள் தெருச் சாக்கடைவரை வந்து சேர்ந்தது.

மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பேச்சித்தாய் கத்தினார். "மேடம், நம்பாதீய! குடிக்கத் தண்ணி இல்ல மேடம், இது லாரித்..."

இடி இடித்தது. அந்த அம்மா மூன்று முறை கத்தினார், மூன்று முறையும் இடித்தது. தகர ஷீட் வைத்திருந்த இன்னாசிமுத்து தன் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

ரஹ்மத்நிசா ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். "இவ்வளவு தண்ணி இருக்கா உங்ககிட்ட?"

மாசிலாமணிக்குப் பெருமை தாங்கவில்லை. "வேணுங்கிற மட்டும் இருக்கு மேடம். பாருங்க, தெருவரைக்கும் ஓடுது."

பொறியாளர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பினார். மறுநாளே எங்கள் தெருவில் பள்ளம் தோண்ட ஆள் வந்துவிட்டார்கள். வடை மடித்தவர்களுக்குக் குழாய்.

எனக்குச் சந்தோஷந்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அன்று சாயங்காலம் பேச்சித்தாய் எங்கள் அடிபம்படியில் எட்டுக் காலிக் குடத்தோடு உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். நாலு குடத்தை நானே நிரப்பித் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மூன்று மாடி. இரண்டு நாள் எனக்கு இடுப்பு நிமிரவில்லை. அந்த அம்மா இதைத் தினமும் செய்கிறார்.

பேச்சித்தாய் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிற ரகம் இல்லை. சடங்கு வீட்டுக்கு மாவைக் கொடுத்த கையோடு நகராட்சிக்குப் போய், ரஹ்மத்நிசாவைப் பிடித்து, லாரி முதல் சல்லடை வரை எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். எங்கள் தெருவுக்கு வருகிற குழாயிலிருந்தே அவர்களுக்கும் ஒரு கிளை இழுத்துக் கொடுக்க வழியிருக்கிறது, அடுத்த செவ்வாய்க்கிழமை நேரில் வந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றார். இவர்களுடைய லட்சணம் தெரிந்துவிட்டதால் கைப்பட ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். 'ஒன்றும் செய்யவேண்டாம். நான் வரும்வரை எல்லாம் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும்.'

மாசிலாமணி அதை மூன்று தடவை வாசித்தார். இதைவிடத் தெளிவாக ஒரு உத்தரவை அவர் தம் சர்வீஸிலேயே பார்த்ததில்லை.

ஒரு வாரம் ஒன்றும் செய்யாமல் இருந்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் அதுதான் உருப்படியான வாரம்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நிஜமான மழை, வானத்திலிருந்து. மாடியில் விழுந்த ஒவ்வொரு சொட்டும் குழாயில் இறங்கிக் குழிக்குள் போனது. கொத்தனார் வாழ்க! பேச்சித்தாய் கும்பிட்டுக்கொண்டே குடங்களை இறக்கினார்.

கமிட்டிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"இருக்கிறபடியே இருக்கணும்னு எழுதியிருக்காவளே!" என்றார் கோமதிநாயகம். "நேத்து வரைக்கும் இங்க ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. இப்பம் ஊரெல்லாம் தண்ணி. உத்தரவ மீறிட்டோமே அண்ணாச்சி!"

"நாம எங்க மீறுனோம், மழைல்லா மீறுது" என்றார் இன்னாசிமுத்து.

"மழைக்கு யாரு பதில் சொல்லுவா? நாமதான் சொல்லணும்" என்றார் மாசிலாமணி. "வே, தார்ப்பாய எடுங்க!"

குழிமேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். அதற்குள் குழிக்குள் போய்விட்ட தண்ணீரை மோட்டார் வைத்து உறிஞ்சித் தெருவில் விட்டார்கள். சும்மாவே வெள்ளம் ஓடிய தெருவில் அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. வாசலைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். நேற்று காய்ந்து கிடந்த கன்றுகளுக்கு ஆளுக்கொரு குடை பிடித்தார்கள். நான் எங்கள் வீட்டு ஜன்னலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பேச்சித்தாய் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. தார்ப்பாயின் ஓரத்தில் கொட்டிய தண்ணீரில் எட்டுக் குடத்தையும் நிரப்பி வரிசையாக வைத்தார். மாசிலாமணி அதைப் பார்த்துவிட்டார்.

"தாயி, நேத்து இந்தக் குடமெல்லாம் காலியாத்தான இருந்துச்சு?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்பம் கொட்டிரு. மேடம் வாரதுக்குள்ள கொட்டிரு."

"கொட்டணுமா?"

"ஆமா. நம்ம நல்லதுக்குத்தான் சொல்லுதேன். உனக்குக் குழாய் வேணுமா வேண்டாமா?"

பேச்சித்தாய் ஒரு குடத்தைத் தூக்கினார். இரண்டு வருஷமாக மூன்று மாடி சுமந்த கை. அப்படியே தலைவர் தலையில் கவிழ்த்தார். மீதி ஏழையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் மாடி ஏறினார். எழுந்து நின்று கைதட்டினேன்.

மாசிலாமணி கோபப்படவில்லை. முகத்தை வழித்துவிட்டுக்கொண்டார். அவர் முகத்தில் பயந்தான் தெரிந்தது.

"கோமதிநாயகம், நான் குளிச்சு எத்தன நாளாச்சு?"

"நாலு நாளாச்சு அண்ணாச்சி. கட்டடத்துலதான் தண்ணி இல்லையே."

"நேத்து வரைக்கும் குளிக்காத ஆளு இன்னைக்குத் தலையோட நனைஞ்சு நிக்கேன். மேடம் பாத்தாவன்னா என்ன நினைப்பாவ? குளிக்கத் தண்ணி இருக்குன்னு எழுதிருவாவ! துண்டு கொண்டாங்கவே, துவட்டுங்க!"

கோமதிநாயகம் துண்டு கொண்டுவந்தார். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. நாலு பேர் தலைவரை நடுவில் நிறுத்தித் துவட்டினார்கள். துண்டு நனைந்ததும் பிழிந்துவிட்டு மறுபடியும் துவட்டினார்கள். ஒருவர் முதுகு, ஒருவர் கால், ஒருவர் வேட்டி. ஆறாவது துண்டு வந்தபோது ஜீப் வந்து நின்றது.

ரஹ்மத்நிசா குடையை விரித்துக்கொண்டு இறங்கி, அப்படியே நின்றுவிட்டார். கணுக்கால் அளவு வெள்ளத்தில் நின்றபடி மாசிலாமணி இரண்டு கையையும் கூப்பினார்.

"நீங்க சொன்னபடியே வச்சிருக்கோம் மேடம். ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

பின்னாலிருந்து இன்னாசிமுத்து அவர் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார். "அண்ணாச்சி, கொஞ்சம் ஆடாம நில்லுங்க. பிடரியில மட்டும் இன்னும் ஈரம் இருக்கு."